குற்றாலத்தில் மணம் கேட்டல்: காலமும் இடமும் படமும்

என்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று ஒருவர் மற்றொருவரை நேரில் கேட்பது மேனாட்டாரிடமிருந்து சினிமா வழியாக நமக்கு வந்து சேர்ந்த புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். மோதிரமும் முழந்தாளிடுதலும் அவ்வாறு வந்தவையாக இருக்கலாம். ஆனால் மலைச்சாரலில் நீரருகே நின்று, மனத்துக்கு இசைந்தவளிடம் வாக்குக் கொடுப்பது நம்முடைய மிகப் பழைய காரியம். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தும் பொருட்டுக் கபிலர் 261 அடிகளில் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே, தலைவன் மலைமேல் உறையும் கடவுளைக் கைதொழுது, இனிய தெளிந்த நீரைப் பருகிச் சூளுரைக்க, அதனால் தலைவியின் நெஞ்சம் அமைதியடைகிறது. அந்த நிகழ்ச்சிக்கு ஊர்க்கூட்டம் சாட்சியில்லை. அதைப் பின்னால் செவிலித்தாய்க்கு எடுத்துச் சொல்பவள் உடனிருந்த தோழி ஒருத்தியே.

குற்றாலத்துக்கே உரிய இலக்கியத்திலோ மனத்தை முதலில் திறந்து காட்டுபவள் பெண். மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், உலா வந்த குற்றாலநாதர்மேல் மையல் கொண்ட வசந்தவல்லி, அவருடைய கொன்றை மாலையை வாங்கி வரும்படி தோழியைத் தூது அனுப்புகிறாள். ஆகையால் இந்த அத்தியாயத்தில் 'கேட்பவர்' என்று வரும் இடங்களிலெல்லாம் ஆணோ பெண்ணோ என்று வாசகர்கள் தம் நிலைமைக்கு ஏற்பக் கொள்வார்களாக.

கேட்பதற்கு முன்னே தெளிய வேண்டியது

எதிர்பாராத இன்பத்தை அளிக்க விரும்புகிறவர், எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்பதை முதலில் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். மறைக்கத் தக்கவை மூன்று: எந்த நாள், எந்த இடம், படம் எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பன. மறைக்கத் தகாதது ஒன்று: விவாகம் செய்துகொள்ளும் எண்ணம். எந்த ஊரில் வாழ்வது, வேலையை யார் எங்கே தொடர்வது, இரு வீட்டாரும் என்ன சொல்வார்கள், சாதியோ சமயமோ வேறுபட்டால் அதை எவ்வாறு எதிர்கொள்வது என்பவற்றையெல்லாம் இருவரும் பல மாதங்களாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால்தான், அருவிக்கரையில் கேட்கும் கேள்வி மகிழ்ச்சி தரும்; அவ்விதம் பேசாமல் கேட்கும் கேள்வி, கேட்கப்பட்டவரைத் திகைப்பில் ஆழ்த்தும்.

பழந்தமிழ் இலக்கியத்தில் மடலேறுதல் என்று ஒரு துறை உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் ஏறி, தலைவியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் ஏந்தி, ஊரறியத் தெருவில் வரத் துணிவான்; ஊரார் இரங்கிப் பேசும் பேச்சின் பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின்மேல் விழும். திருக்குறளில் 114ஆம் அதிகாரமாகிய நாணுத்துறவுரைத்தல் இந்த மடலைப் பற்றியதே. சீஸன் காலத்து ஞாயிற்றுக்கிழமை, பேரருவிக்கு எதிரே நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்து நின்று கைதட்ட, கைப்பேசிகள் நாலாபுறமும் உயர்ந்து நிற்க, ஒரு பெண்ணின் முன்னே முழந்தாளிட்டுப் பதில் கேட்பது, கேட்பவர் எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், மடலேறுதலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ஆகவே இந்த நூல் கூறும் முதல் விதி இதுதான்: மறுப்பதற்கும், தவணை கேட்பதற்கும், எழுந்து நடந்து போவதற்கும் வசதியுள்ள இடத்தில்தான் மணம் கேட்க வேண்டும். இனி வரும் யோசனைகள் யாவும் இந்த விதியிலிருந்து பிறந்தவை.

காலம்

ஜூன் மாதத் தொடக்கத்தில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்தை ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்காசிப் பக்கம் சாரலாகத் தூவுகிறது. வெயிலும் தூறலும் ஒரே சமயத்தில் கலந்து வருகிற இந்தச் சீஸன் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உச்சத்தில் இருந்து, செப்டம்பரில் மெல்ல அடங்கும். படத்துக்கும் மனத்துக்கும் உகந்த காலம் இதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் அருவிகளில் நீர் பெருகும். ஆனால் அது பல நாள் வெள்ளமாக மாறி, குளிக்கத் தடை விதிக்கப்படும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் நிறைந்துவிடும். கோடையில் அருவிகள் வெறும் பாறையாக நிற்பதும் உண்டு.

சீஸனுக்குள்ளும் சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, சாரல் விழா நடக்கும் நாட்கள் ஆகியவற்றை விலக்கி, செவ்வாய் முதல் வியாழன் வரையில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்வது நலம். காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணிக்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். மலை மேற்கே நிற்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேரே படிந்து பசுமையைத் துலக்கும். மாலையிலோ பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மாலை ஐந்து மணிக்குப் பொன்னொளி கிடைக்கும் என்று திட்டமிட்டு வருகிறவர்களுக்கு இங்கே நிழல்தான் கிடைக்கும்.

இடம்

பேரருவி இவ்வூரின் மகுடம். உயரத்திலிருந்து விழும் நீர் நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் தங்கி வேகம் தணிந்து, பின்பு வழிந்து இறங்குவதால்தான் மனிதர் அதன் கீழே தலை கொடுத்து நிற்க முடிகிறது. ஆயினும் அது குளிக்கும் இடம். ஆண்களும் பெண்களும் தனித்தனியே பகுத்த இடங்களில் ஈர உடையோடு நிற்கும் இடம். அங்கே நீண்ட லென்ஸைத் திருப்புவது நாகரிகமன்று. பெண்கள் அந்தரங்கமாக இருக்கும் நிலையைப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 77ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் இதே விதி பொருந்தும். அன்றியும் 2024 மே 17 அன்று, மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் புரண்டு வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வானம் தெளிவாக இருந்தாலும் மேலே கருமேகம் திரண்டிருந்தால் ஆபத்து உண்டு. நீர் சட்டென்று கலங்கிச் சிவந்தாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கனத்தாலும் உடனே கரையேறிவிட வேண்டும். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் செல்லும் வழி காட்டுக்குள் போவது. வனத்துறையார் அனுமதியின்றி அங்கே கால் வைக்கலாகாது.

கோயில்களைப் பற்றியும் ஒரு சொல். சங்கின் வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலும், நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றாகிய சித்திர சபையும் வழிபாட்டுக்கு உரியவை. தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகையால் அங்கே தரிசனம் செய்யுங்கள், படக்காட்சி வேண்டாம்.

அப்படியானால் எங்கே கேட்பது? என் சிபாரிசு குளக்கரைதான். தென்காசிச் சீமை குளங்களும் வயல்களும் நிறைந்தது; சீஸனில் அவை நிறைந்து, பின்னணியில் குற்றாலத்துத் திரிகூட மலையும் அதன் நெற்றியில் தவழும் மேகமும் நீரில் தோன்றும். ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் உள்ள வெண்ணமடைக் குளம் இவற்றுள் சௌகரியமானது. குளம் நிறைந்ததும் அங்கே படகுக் குழாம் நடைபெறும். வாகனம் நிறுத்த இடம் உண்டு. மனித நடமாட்டம் இருப்பதால் பயமில்லை, பேரருவியின் நெரிசலும் இல்லை. படகு விடத் தொடங்கிவிட்டார்களா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை இரண்டு நாள் முன்னதாகவே நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அங்கும் படகிலே மணம் கேட்க வேண்டாம் என்றே சொல்வேன். படகில் எழுந்து நிற்பதும் முழந்தாளிடுவதும் அபாயம்; மோதிரம் நழுவினால் குளத்தடியில்தான் தேட வேண்டும்; எல்லாவற்றிலும் முக்கியமாக, பதில் சொல்லத் தயங்குகிறவர் அங்கிருந்து எழுந்து போக வழியில்லை. கரையில் கேட்டுவிட்டுப் பிறகு படகேறுங்கள். அப்போது எடுக்கும் படங்களில் முகத்தில் சஞ்சலம் இராது.

இன்னும் தனிமை வேண்டுவோர் இலஞ்சிப் பக்கத்து வயல்வெளியையும், ஆகஸ்டு வாக்கில் சுந்தரபாண்டியபுரத்தில் பூக்கும் சூரியகாந்தித் தோட்டங்களையும் நாடலாம். தோட்டத்துக்குள் இறங்குமுன் உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும்; செடியை மிதித்து எடுத்த படம் ஒரு குடியானவரின் பிழைப்பை மிதித்து எடுத்த படம்.

படம் எடுப்பவர்

குறிஞ்சிப்பாட்டுத் தோழியின் ஸ்தானம் இங்கே படம் எடுப்பவருக்கு உரியது. அவர் அருகில் இருக்க வேண்டும், ஆனால் தெரியக்கூடாது. சாரல் காலத்தில் குடை பிடித்து நிற்பவரை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆகவே பெரிய கறுப்புக் குடையும், மலையையும் நீர்ப்பறவையையும் படம் பிடிக்க வந்த யாத்ரீகர் என்ற பாவனையும் போதுமானவை. கேட்கப்படுபவருக்கு அறிமுகமான நண்பர் இந்த வேலைக்கு ஆகார். தூரத்திலிருந்தே நடையைக் கண்டு அடையாளம் தெரிந்துவிடும்.

முந்தின நாள் காலை, அதே நேரத்தில், கேட்பவரும் படம் எடுப்பவரும் அந்த இடத்துக்குச் சென்று ஒத்திகை பார்ப்பது அவசியம். நிற்க வேண்டிய இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ கொண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் கிழக்கே நின்று மேற்கே நோக்கினால், வெயில் அவர் முதுகுக்குப் பின்னிருந்து வந்து இருவர் முகத்திலும் மலையிலும் ஒருங்கே விழும். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி, காமிராவுக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கேட்கப்படுபவரின் முகம் காமிராவின் பக்கம் சற்றே திரும்பியிருப்பது உத்தமம். ஏனெனில் பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்க்கும்போது, கேட்டவரின் முதுகு தெரிந்தாலும் பாதகமில்லை. கேட்கப்பட்டவரின் கண்கள் தெரியாவிட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

தூரத்தைக் கணக்கிட ஓர் அளவு சொல்கிறேன். முழு ஃபிரேம் காமிராவில் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 20 மீட்டர் தொலைவில் நின்றால், ஏறத்தாழ 3.6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள பரப்பு படத்தில் அடங்கும். இருவர் தலை முதல் கால் வரை நிற்க அது போதும். 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் மலையையும் நீரையும் சேர்த்து அகலமாக ஒன்றும், முகங்களை நெருக்கி ஒன்றுமாக அதே இடத்தில் நின்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்குக்குக் குறையாமலும், துவாரம் எஃப் 4 அளவிலும், ஐ.எஸ்.ஓ. தானாக 3200 வரை ஏறும்படியும் வைத்துக்கொண்டால், மேகம் மூடினாலும் கை அசைவு மங்காது. அருவியைப் பட்டுத்துணிபோல் வழியவிட்டுக் காட்ட வேண்டுமானால் விநாடியில் கால் பங்கோ அதற்கு மேலோ ஷட்டர் திறந்திருக்க வேண்டும். மனிதர் அத்தனை நேரம் அசையாதிருக்க மாட்டார்கள். ஆகையால் அந்தப் படத்தை முக்காலியில் வைத்துத் தனியாகப் பிறகு எடுங்கள். வெண்ணிற நுரையும் வெளிறிய வானமும் படத்தில் பெரும்பகுதியை நிரப்பினால், காமிரா அதிக வெளிச்சம் இருப்பதாக மயங்கி முகங்களைக் கறுக்க வைத்துவிடும். ஒளிச் சரிகட்டலை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி, நுரையின் வெண்மை வெளுத்துப் போகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸர் கண்ணாடி ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

சாரல் லென்ஸின்மேல் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் படியும்; பார்வைத் துவாரத்தில் எல்லாம் சரியாகத் தோன்றி, வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் முகத்தின் நடுவே ஒரு வட்டக் கறை தெரியவரும். ஆகையால் லென்ஸுக்கு நீண்ட மூடுகுழலும், காமிராவுக்கு மழையுறையும், சட்டைப் பைக்குள் உலர்ந்த மென்துணி இரண்டும், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து காமிராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு திறப்பது முறை. ட்ரோன் வேண்டாம்: அதன் இரைச்சல் ரகசியத்தைக் கெடுக்கும், காட்டோரத்துப் பறவைகளையும் வெருட்டும்.

மோதிரமும் உடையும் குரங்கும்

குற்றாலத்துக் குரங்குகளை அறியாமல் யாரும் திட்டம் போடக்கூடாது. கையில் சிறு பொட்டலமோ பெட்டியோ தெரிந்தால் தின்பண்டம் என்று எண்ணி, பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு மரமேறிவிடும். மேலே போய்ப் பிரித்துப் பார்த்து, தின்ன முடியாது என்று தெரிந்ததும் எங்கேயோ வீசிவிடும். மோதிரப் பெட்டி வெளியே தெரியாமல், ஜிப் வைத்த உட்பையில் இருக்க வேண்டும். சத்தம் செய்யும் பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. மோதிரத்தைக் கேட்கும் இடத்தில் அணிவிப்பதைவிட, சம்மதம் கிடைத்தபின் நான்கடி தள்ளி, தண்ணீர் இல்லாத பக்கமாக நின்று அணிவிப்பது புத்திசாலித்தனம்.

பாசி படிந்த கல்லின்மேல் முழந்தாளிடக் கூடாது. பிடிப்புள்ள ரப்பர் அடி வைத்த செருப்பே இங்கே பாதரட்சை. உடையில் மயிற்கழுத்து நீலமும் மஞ்சளும் சிவப்பும் பசுமையின்முன் எடுத்துக் காட்டும், பச்சை மறைந்துவிடும். கேட்கப்படுபவரை நல்ல உடையில் வரச் செய்ய, படகு சவாரி முடிந்ததும் இலஞ்சிக் குமாரரைத் தரிசிக்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்து வாருங்கள். சொன்னபடியே பிறகு போகவும் செய்யுங்கள். பொய்யின்மேல் கட்டிய ரகசியம் இந்த நாளுக்கு அழகன்று.

அந்த நேரத்தில்

படம் எடுப்பவருக்கு இரண்டு சைகைகள் தேவை. கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தால் 'இப்போது' என்று பொருள். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டால் 'இன்று வேண்டாம்' என்று பொருள். இரண்டாவது சைகையை அநேகர் ஏற்பாடு செய்வதே இல்லை. வழியில் தலைவலி வந்திருக்கலாம்; வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்திருக்கலாம்; மனம் ஒன்றாத நாளாக இருக்கலாம். அன்றைக்கு மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

'இப்போது' என்ற சைகை கண்டதும், கை பைக்குள் போவதற்கு முன்பே தொடர் பிடிப்பைத் தொடங்கிவிட வேண்டும். ஓசையற்ற ஷட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பதில் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டே இருங்கள். முதல் சிரிப்பைவிட அதற்குப் பின் வரும் பெருமூச்சும், கண்ணைத் துடைக்கும் கையுமே பெரும்பாலும் உயிருள்ள படங்களாக அமைகின்றன.

கேள்வியை மனப்பாடம் செய்ய வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கட்டும். "உன்னைக் கட்டிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. உனக்குச் சம்மதமா? இப்பவே சொல்லணும்னு இல்ல, யோசிச்சுச் சொன்னாலும் சரிதான்" என்ற அளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் வாக்கியம் அன்பைச் சொல்கிறது, கடைசி வாக்கியம் மரியாதையைச் சொல்கிறது.

பதிலுக்குப் பிறகு

சம்மதம் என்றால், படம் எடுத்தவரை உடனே அழைத்து அறிமுகம் செய்து வைத்து, மறைந்து எடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன்பின் சம்மதம் சொன்னவருடைய விருப்பத்தோடு பத்து நிமிஷம் நிதானமாக நேர்ப்படங்கள் எடுக்கலாம். அவகாசம் வேண்டும் என்றால், 'சரி' என்று சொல்லிவிட்டு, அன்றைய திட்டத்தில் மிச்சமிருந்த படகையும் கோயிலையும் அவருக்கு இஷ்டமானால் மட்டும் தொடருங்கள். மறுப்பு என்றால், காரணம் கேட்டு வாதாடாமல், அவர் விரும்பும் இடத்துக்குப் பத்திரமாகத் திரும்ப ஏற்பாடு செய்து, எடுத்த படங்கள் அத்தனையையும் அவர் கண்முன்னே அழித்துவிட வேண்டும். இந்த நிபந்தனையைப் படம் எடுப்பவரோடு கூலி பேசும்போதே பேசி முடித்துவிடுவது கடமை.

படங்களின்மேல் இருவருக்கும் சம உரிமை உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, எப்போது பிறருக்குக் காட்டுவது என்பதை இருவரும் கூடி முடிவு செய்யும்வரை ஒரு படமும் வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏறக் கூடாது. முதலில் அறிய வேண்டியவர்கள் இரு வீட்டுப் பெரியவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப்பேசி வழியாகத் தன் மகளின் சம்மதத்தை அறிந்துகொள்ளும் தாய்க்கு எவ்வளவு மனவருத்தம் உண்டாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்று மாலைக்குள் இரு வீட்டாரிடமும் நேரிலோ தொலைபேசியிலோ செய்தியைச் சொல்லி, பெண் கேட்டு வருவதற்கும், நிச்சயதாம்பூலத்துக்கும் அவர்களையே நாள் பார்க்கச் சொல்லுங்கள். அருவிநாட்டில் இருவராக எடுத்த முடிவில் பெரியவர்களுக்கும் உரிய பங்கு கிடைத்தால், அந்தப் படங்களை வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு அவர்களே ஆணி அடித்துத் தருவார்கள்.